ராட்டினத்தில் ஏறும் குழந்தைக்குப் பொறுப்பாளி யார்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் தோட்டங்களில் ஒரு பேச்சு எழும். "இந்தத் தடவை பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப் போகலாமா, வாத்தியாரே?" என்பதுதான் அது. பட்டர்வொர்த்தில் பேருந்தை விட்டு இறங்கி, ஃபெர்ரி ஏறிக் கடலைக் கடந்தால், சற்று நடந்தவுடன் லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு; மார்க்கெட் தெருவில் துணிமணி, பூ, பலகாரம்; அதன்பின் வாழையிலைச் சாப்பாடு. தாய்மார்களுக்கு இத்துடன் மனம் நிறைந்துவிடும். பிள்ளைகளுக்கோ பயணமே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கொம்தார் கோபுரத்தில் கேளிக்கை, தெலுக் பஹாங்கில் நீர்ச்சறுக்கு என்று அவர்கள் மனம் பறக்கும்.

இத்தகைய பயணங்களுக்கு முன்னால் பெற்றோர் கைக்கு ஒரு தாள் வருவதுண்டு. "என் பிள்ளை செல்லச் சம்மதிக்கிறேன், எது நேர்ந்தாலும் எவர்மீதும் குறை சொல்ல மாட்டேன்" என்பது அதன் சாரம். கேளிக்கை இடங்களின் வாயிலிலும் "சொந்தப் பொறுப்பில் ஏறவும்" என்ற பலகையைக் காண்கிறோம். அப்படியானால், விசையால் சுழன்று பாயும் ஒரு சவாரியில் குழந்தை ஏறிவிட்டால் அதன் உயிருக்குப் பொறுப்பாளி யார்? ஏறிய குழந்தையா? ஏற்றிவிட்ட பெற்றோரா? அழைத்துப் போன ஆசிரியரா? விசையை இழுக்கும் ஊழியரா? அல்லது பூங்காவின் முதலாளியா? இந்தக் கேள்விக்கு உலகம் எவ்வாறு விடை தேடி வந்திருக்கிறது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

பழைய திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தால் ஆன நான்கு பெட்டிகள். அதைச் சுற்றியவர் தம் கையாலேயே சுற்றினார். ஆணி தளர்ந்து கிறீச்சிட்டால் அவர் காதில்தான் அது முதலில் விழும். மேலே ஒரு பிள்ளை பயந்து அலறினால் அவருடைய கை உடனே நிற்கும். செய்தவரும் அவரே, சுற்றியவரும் அவரே, பழுது பார்த்தவரும் அவரே. பொறுப்பாளி யார் என்று எவரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நிலை மாறியது. 1884இல் அமெரிக்காவின் நியூயார்க் அருகே கோனி தீவில் தாம்சன் என்பவர் மேடு பள்ளமான தண்டவாளத்தில் வண்டி ஓட்டினார். கட்டணம் ஐந்து காசு. வேகம் மணிக்கு ஆறு மைல்தான். ஆயினும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் 264 அடி உயரமுள்ள இரும்புச் சக்கரத்தை நிறுத்தினார். அதில் 36 பெட்டிகள். பெட்டிக்கு 60 பேர் வரை ஏறலாம். பின்னர் 1919இல் மில்லர் என்பவர், தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தைப் பொருத்தி, வண்டி மேலே எகிறிவிடாதபடி தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தப் பாதுகாப்பு வந்த பிறகு ரோலர் கோஸ்டர் இன்னும் உயரமாகவும் இன்னும் வேகமாகவும் வளர்ந்தது. நம் ஜார்ஜ் டவுனிலும் சுவாத்தோ சந்தில் 'நியூ வேர்ல்டு' என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். இன்று அந்த இடத்தில் உணவுக் கடைகள் இருக்கின்றன.

இயந்திரம் பெரிதாகப் பெரிதாகப் பொறுப்பு சிதறியது. படம் வரைந்தவர் ஒருவர். இரும்பை வார்த்தவர் வேறொருவர். விலைக்கு வாங்கியவர் இன்னொருவர். உரிமம் கொடுத்தது ஓர் அலுவலகம். விசையருகில் நிற்பவரோ நாள் சம்பளக்காரர். விபத்து நேர்ந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இடம் உண்டாயிற்று. எல்லாரும் கைகாட்டி முடித்த பிறகு, பழி கடைசியில் குழந்தையின் குறும்பின்மீதோ பெற்றோரின் கவனக்குறைவின்மீதோ வந்து விழுந்தது.

குழந்தையின் குறும்பு என்ற இந்தச் சாக்கு நீதிமன்றத்துக்கு வந்தது ரயில் பாதையின் வழியாக. ரயில் இயந்திரத்தைத் திசை திருப்புவதற்காக ஒரு பெரிய சுழல்மேடை இருக்கும். காவலும் பூட்டும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் அதைச் சுற்றி ராட்டினம்போல் விளையாடினார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் கால் அதில் நசுங்கியது. அத்துமீறி நுழைந்தவனுக்கு நாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று ரயில் நிறுவனம் வாதாடியது. 1873இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பெரியவரிடம் எதிர்பார்க்கும் விவேகத்தைச் சிறு பிள்ளையிடம் எதிர்பார்க்கலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1909இல் அயர்லாந்தில் நடந்த இதே போன்றதொரு வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. பிள்ளைகள் அங்கே விளையாடுவது நிறுவனத்துக்குத் தெரியும், தெரிந்தும் பூட்டவில்லை, ஆகவே பொறுப்பு உன்னுடையது என்றார்கள் நீதிபதிகள்.

இந்த நியாயம் நம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. பால் வெட்டப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அந்த நேரம் முதல் பிள்ளைக்குப் பொறுப்பு யார்? பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஆயா. ஆயாவுக்கு மேலே, கொட்டகையையும் பாலையும் சரியாகக் கொடுக்கக் கடமைப்பட்ட தோட்ட நிர்வாகம். கொட்டகையின் கூரை இடிந்து விழுந்திருந்தால், "நீ ஏன் பிள்ளையை அங்கே விட்டாய்?" என்று தாயை எவராவது கேட்டிருப்பார்களா? எவர் கையில் பிள்ளை இருக்கிறதோ, எவருக்கு அந்த இடத்தின் நிலைமை தெரியுமோ, எவருக்கு அதை நிறுத்தவும் திருத்தவும் அதிகாரம் உண்டோ, அவரே பொறுப்பாளி. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

லண்டனில் பேட்டர்சி பூங்கா என்று ஒன்று உண்டு. 1951இல் பிரிட்டன் விழாவையொட்டி அங்கே கேளிக்கைத் திடல் அமைத்தார்கள். அதில் 'பிக் டிப்பர்' என்ற ரோலர் கோஸ்டர் பெயர் பெற்றது. 1972 மே 30ஆம் தேதி, மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வண்டித் தொடர் இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டது. அப்படி விடுபட்டால் பின்னோக்கி உருளாமல் பிடித்து நிறுத்துவதற்கென்று ஒரு தடுப்பு இருந்தது. அன்று அந்தத் தடுப்பும் வேலை செய்யவில்லை. வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. ஐந்து குழந்தைகள் இறந்தனர். பூங்காவின் மேலாளர்மீதும் பொறியியலாளர்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். 1974இல் அந்தத் திடல் மூடப்பட்டது.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்ன செய்திருக்க முடியும்? கயிறு எத்தனை நாள் பழையது என்று அவர்களுக்குத் தெரியுமா? தடுப்பைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று சீட்டில் அச்சிட்டிருந்ததா? எத்தனை அன்பு இருந்தாலும் பெற்றோரின் கண் இரும்புக்குள் ஊடுருவாது.

பிரிட்டனில் 1974இல் வேலையிடப் பாதுகாப்புக்கு ஒரு புதிய சட்டம் பிறந்தது. அதற்கு முன்பிருந்த சட்டங்கள் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி விதிகளை எழுதி வைத்திருந்தன. புதிய சட்டமோ, தொழில் நடத்துபவர் தம் தொழிலாளரை மட்டுமல்லாமல், அந்தத் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய வெளியாரையும் காக்க வேண்டும் என்று பொதுக் கடமையாகவே விதித்தது. சீட்டு வாங்கி உள்ளே வரும் குழந்தையும் அந்த வெளியாரில் அடக்கம்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் துன்பங்களின் ஊடேதான் வளர்ந்தது. 1988 ஜூலை 31ஆம் தேதியைப் பினாங்குக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜார்ஜ் டவுனில் குவான் யின் அம்மனுக்கு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழா. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தில் மக்கள் வெள்ளம். மேல்தளம் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அரச விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அது கேளிக்கைப் பூங்கா அன்று; எனினும் பாடம் ஒன்றே. வரிசையில் நிற்கும் தாய்க்குத் தன் முன்னால் உள்ள முதுகுதான் தெரியும். தளத்தில் எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள், அத்தளம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அறியக்கூடியவர் அதை நடத்துபவர் மட்டுமே.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1991 மே 7ஆம் தேதி, சிலாங்கூர் சுங்கை பூலோவில் 'பிரைட் ஸ்பார்க்லர்ஸ்' பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். 1994இல் நமது வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, முதலாளி தம் தொழிலாளர் அல்லாதாரின் பாதுகாப்புக்கும் கடமைப்பட்டவர் என்கிறது. இயந்திரத்தை வடிவமைப்போருக்கும் செய்வோருக்கும் வேறொரு பிரிவு கடமை வகுக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, இத்தகைய கடமையில் தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதம் ஐம்பதாயிரம் ரிங்கிட்டிலிருந்து ஐந்து லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது என்பதை இந்தியாவிலிருந்து வந்த செய்திகள் காட்டுகின்றன. 2016 மே மாதம் சென்னை தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு சவாரியைச் சோதித்துப் பார்த்தபோது அது முறிந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஊழியர் உயிரும் உயிர்தான். 2019 ஜூலை 14ஆம் தேதி அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசலாடும் சவாரியின் தண்டு முறிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 2024 மே 25ஆம் தேதி குஜராத்தின் ராஜ்கோட் நகரில், பிள்ளைகள் விளையாடும் கேளிக்கைக் கூடம் ஒன்று தீப்பற்றி 27 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அந்தக் கூடம் நடந்து வந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. நடத்தியவர்களுடன் மாநகராட்சி அதிகாரிகளும் கைதானார்கள். உரிமம் கொடுப்பவரும், உரிமம் இல்லாததைக் கண்டும் காணாதிருப்பவரும் பொறுப்பின் பங்காளிகளே.

2025 மே 27ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. பூங்காவில் ஒரு சவாரி அந்தரத்தில் நின்றுவிட்டது. குழந்தைகளும் பெண்களும் மணிக்கணக்கில் மேலே தவித்தனர். தீயணைப்பு வீரர்கள் உயர ஏணி வண்டி கொண்டுவந்து எல்லாரையும் பத்திரமாக இறக்கினார்கள். பழுதின்றி ஓடினால் மட்டும் போதாது. பழுதானால் எப்படி இறக்குவது என்பதும் ஏற்றுகிறவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய காரியம் என்பதை அன்றைய இரவு சொல்லிற்று.

இனி, பெற்றோர்மீது பழி போடுவோர் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 430 அடி உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் சவாரி ஒன்று இருந்தது. 2022 மார்ச் 24ஆம் தேதி 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். இயந்திரம் செய்தவரின் கையேட்டில் குறித்திருந்த உச்ச எடையைவிட அவன் எடை அதிகம். ஏற்றியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அது மட்டுமா? தோள் பிடிப்பு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று சொல்லும் உணர்கருவி, அவன் இருந்த இருக்கையில் கையால் மாற்றி அமைக்கப்பட்டிருந்ததை மாநில அரசின் விசாரணை கண்டறிந்தது. பிடிப்பு அகலமாகத் திறந்திருந்தும், பூட்டிவிட்டதாகவே விளக்கு காட்டியது. விளக்கையே பொய் சொல்ல வைத்துவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தந்தையர் எதை நம்புவது? அந்தச் சவாரி பிறகு கழற்றப்பட்டது. உயரமான சவாரிகளுக்கு இடுப்புப் பட்டையைக் கட்டாயமாக்கி 2023இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

"அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு, நிச்சயமாக உண்டு. உயரக் கோலுக்குக் கீழே நிற்கும் பிள்ளையை, "காசு கொடுத்தாயிற்றே" என்று குதிகாலில் எழுந்து நிற்கச் சொல்வது பெருந்தவறு. வயதைக் கூட்டிச் சொல்வதும் அப்படியே. அந்தக் கோல் பிள்ளையின் எலும்பளவையும் இருக்கைப் பிடிப்பின் அளவையும் பார்த்து வைத்தது. பயந்து அழும் பிள்ளையைக் கேலி செய்து ஏற்றுவதும் கூடாது. கை கால் வெளியே நீட்டாதே, பட்டையைக் கழற்றாதே என்று சொல்லிக் கொடுப்பது நம் கடமை. பெற்றோரின் பொறுப்பு, பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதோடு நிற்கிறது. ஆணியும் கயிறும் பற்றவைப்பும் உணர்கருவியும் அவர்கள் பொறுப்பில் சேராதவை.

அழைத்துப் போகும் ஆசிரியரும் தப்பிவிட முடியாது. 1893இல், சிகாகோவில் அந்த ராட்சதச் சக்கரம் சுழன்ற அதே ஆண்டில், இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, கவனமுள்ள ஒரு தந்தை தன் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி ஆசிரியர் மாணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இன்றும் ஆசிரியருக்கு அதுவே அளவுகோல். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், எவன் எதில் ஏறலாம், எவனுக்கு இழுப்பு நோய் உண்டு என்பதையெல்லாம் பேருந்து கிளம்புவதற்கு முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும்.

வேறு சிலர் மறுபக்கம் பேசுவார்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் மரம் ஏறவில்லையா? ஆற்றில் குதிக்கவில்லையா? பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் கோழையாகிவிடுவார்கள்" என்பார்கள். இதிலும் உண்மை உண்டு. தெலுக் பஹாங்கில் 2012இல் திறக்கப்பட்ட எஸ்கேப் பூங்காவும், மரமேறியும் தாவியும் விளையாடிய பழைய பிள்ளைப்பருவத்தை மீட்டுத் தருவதாகத்தான் சொல்கிறது. பிள்ளை ஓரளவு ஆபத்தோடு பழகத்தான் வேண்டும். ஆனால் மரம் ஏறும் பிள்ளை கிளையைக் காலால் மிதித்துப் பார்க்கிறான். ஆட்டம் கண்டால் இறங்கிவிடுகிறான். ஆபத்து அவன் கண்முன், அவன் பிடியில் இருக்கிறது. இயந்திரச் சவாரியிலோ பட்டையை மாட்டிய பிறகு இறங்க நினைத்தாலும் இறங்க முடியாது. அவன் பிடி முழுவதும் மற்றவர் கைக்குப் போய்விடுகிறது. பிடி போகும்போது பொறுப்பும் உடன் போக வேண்டும்.

கடைசியாக, அந்தத் தாளுக்கு வருவோம். தாளும் கையொப்பமும் நமக்குப் பழைய கதை. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் ஒழிக்கப்படும்வரை, படிக்கத் தெரியாத நம் முன்னோர் எத்தனையோ தாள்களில் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் கைநாட்டைக் காட்டியே அவர்களைக் கட்டிப்போட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், சட்டமும் மாறியிருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்த்த திருத்தம், நியாயமற்ற ஒப்பந்த விதிகளை நீதிமன்றம் செல்லாதென அறிவிக்க வழி செய்தது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் விதியும் அவ்வகையில் அடங்கும். இப்படிப் பொதுமக்கள் பக்கம் நின்று பேசும் குரல் இந்த நாட்டில் உரக்க எழுந்தது பினாங்கிலிருந்துதான். அங்கே இயங்கும் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், தமிழகத்தில் பிறந்து ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். ஆகவே, "நீங்கள்தான் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே" என்று எவராவது சொன்னால் வாயடைத்துப் போகாதீர்கள். பிள்ளையை அனுப்பச் சம்மதித்தீர்கள். பழுதான இயந்திரத்துக்குச் சம்மதிக்கவில்லை.

நேயர்களே, அடுத்த முறை பிள்ளைகளோடு பினாங்குக்குப் போகும்போது சில காரியங்களைச் செய்யுங்கள். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள்: ஊழியர் ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, விளக்கை மட்டும் நம்புகிறாரா? "இதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையை வேறு சவாரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பழுது எதையேனும் கண்டால் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்; கேளாவிட்டால் ஊராட்சி மன்றத்துக்கும் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவியுங்கள். நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு தாள், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத பிள்ளையையும் காக்கும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். மேலே சொன்ன சட்டங்களில் பல, வெள்ளம் வந்து போன பிறகு போட்ட அணைகள். அடுத்த அணையையேனும் முன்னதாகப் போடுவோம். கேள்வி கேட்கும் பெற்றோர் அதற்கு முதல் கல்லை எடுத்து வைக்கிறார்கள்.